இல்லாத கட்டியகாரன்

அத்தியாயம் 6

மொட்டைக் கடிதங்களில் இரண்டு வகை உண்டு. கல்யாணத்தைக் குழப்ப வருவது ஒன்று; உத்தியோகத்தைக் குழப்ப வருவது மற்றது. யாழ்ப்பாணம் ஐந்து சந்தியில் புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் சபீஹாவுக்கு இரண்டும் பழக்கம். கனடா மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பெண்சாதி இருக்கிறாளா, லண்டன் மாப்பிள்ளையின் தலைமயிர் சொந்த மயிர்தானா என்று விசாரித்துச் சொல்வதில்தான் அவளுடைய அடுப்பு எரிகிறது. ஆனால் அன்று காலை மேசைக்கு வந்த கடிதம் இரண்டு வகையிலும் சேரவில்லை. ஒரு மனிதன் இல்லவே இல்லை என்று அது அடித்துச் சொன்னது.

கொண்டுவந்தவர் கதிரவேலு. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. இப்போது வடபுல அரங்க ஆய்வு மன்றத்தின் செயலாளர். கூத்து, நாடகம் பற்றி நல்ல ஆய்வு செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை விருது கொடுக்கிற மன்றம் அது. மாலை நாலு மணி விழாவுக்கு மனிதர் காலையிலேயே வேட்டி கட்டித் தயாராகிவிட்டார். வலது காதை மட்டும் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமா வாசியுங்கோ தம்பி. எனக்கு ஒரு காது இண்டைக்கு வேலை செய்யேல்லை."

தம்பி என்றது சபீஹாவின் உதவியாளன் றஜிந்தனை. ஐந்து வருடம் மினிபஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது வாயை இறக்கி வைக்க மறந்துவிட்டான். கடிதத்தை வாசித்தான்.

"ஐயா, தங்கள் மன்றம் விருது கொடுக்கவிருக்கும் தர்சினி என்பவரின் ஆய்வில் கீழ்க்காணும் பிழைகள் உள்ளன. ஒன்று: நாலாம் அத்தியாயத்தில் வரும் கட்டியகாரன் மார்க்கண்டு என்று ஒருவர் எங்கள் ஊரில் இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை. இரண்டு: நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில், கூத்துக் கொட்டகையின் வாசல் மேற்கே பார்த்தது என்று எழுதப்பட்டுள்ளது. வடக்கே பார்த்தது. மூன்று: அதே பக்கத்தில், கட்டியகாரன் ஆடியது ஒன்பது மேடை என்று உள்ளது. பதினொரு மேடை. நாலு: இதற்கு விருது கொடுத்தால் ஊர் சிரிக்கும். இப்படிக்கு, உண்மை விளம்பி."

றஜிந்தன் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"உலகத்து உண்மையெல்லாம் விளம்புறார், சொந்தப் பேரை மட்டும் விளம்ப மறந்திட்டார். வாசல் மேற்கெண்டால் உவருக்கென்ன, வடக்கெண்டால் உவருக்கென்ன? திசைகாட்டி வைச்சுக்கொண்டே கூத்துப் பாத்தவர்?"

சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். மூலைக் கதிரையில், மடியில் தடித்த ஆய்வேட்டை வைத்துக்கொண்டு இருந்த தர்சினி. பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் தற்காலிகமும் இந்த மாதத்தோடு முடிகிறது. விருதோடு இரண்டு வருட ஆய்வு உதவித்தொகையும் வரும், புத்தகத்தையும் மன்றமே அச்சடிக்கும். அது கிடைத்தால் ஆய்வு தொடரும். கிடைக்காவிட்டால் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனி அவளுக்காகக் கதிரை துடைத்து வைத்திருக்கிறது.

"விதி ஒண்டு இருக்குப் பிள்ளை," என்றார் கதிரவேலு. "தகவல் தந்த ஆளே பொய்யெண்டு ஆரும் எழுத்திலை அறிவிச்சால், அது தீருமட்டும் விருதை நிப்பாட்ட வேணும். அந்த மார்க்கண்டு நாலு மணிக்குள்ளை வந்து 'நான்தான்' எண்டு நிண்டால் காணும். இல்லாட்டி அடுத்த வருசம்."

"மார்க்கண்டுக்குப் போன் எடுக்கேல்லையோ?" என்று சபீஹா கேட்டாள்.

"எடுத்தனான். அதிலைதானே காது போனது! 'மார்க்கண்டோ? அப்பிடி ஒரு மனிசன் இல்லை!' எண்டு ஒருத்தன் கத்திப்போட்டு வைச்சிட்டான். இன்னும் உள்ளுக்கை கூவுது."

"என்ரை கோலும் எடுக்கிறார் இல்லை, அக்கா," என்றாள் தர்சினி. "இருபது நாள் அவரோடை இருந்து கதைச்சனான். ராசா மேடைக்கு வர முன்னம் வந்து, ராசாவின்ரை பெருமையைக் கூவிச் சொல்லுறவர்தானே கட்டியகாரன். அந்த வேசத்தைப் பற்றி ஆரும் எழுதேல்லை. என்ரை ஆய்வே அவரை நம்பித்தான்."

"ஆய்வேட்டை ஆருக்கெல்லாம் குடுத்தனீர்?"

"மேற்பார்வையாளர், நடுவர் மூண்டு பேர், நூலகம், எங்கடை துறையிலை தனோஜன், பிறகு தகவல் தந்த ஆக்கள் எல்லாருக்கும் ஒவ்வொண்டு."

"தனோஜன் எண்டது?"

"மேடை வெளிச்சம் பற்றி ஆய்வு செய்யிறவர். போட்டியிலை ரெண்டாவதா வந்தவர்."

றஜிந்தன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். "முடிஞ்சுது அலுவல். ரெண்டாவது ஆளுக்குத்தானே முதலாவது ஆளிலை கண் கடிக்கும்! நான் போய்க் கொலரிலை பிடிச்சுக்கொண்டு வாறன்."

"கொலரை விடு. போனைப் பிடி," என்றாள் சபீஹா.

தனோஜனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. நித்திரையால் எழுப்பப்பட்ட குரல். சபீஹா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, தர்சினியின்ரை ஆய்விலை நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம் எப்பிடி?"

"நூற்றிப் பன்னிரண்டோ?" அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை ஓடியது. "அக்கா, உண்மையைச் சொல்லுறன். நன்றியுரையிலை என்ரை பேர் இருக்கோ எண்டு பாத்தன். இல்லை. மூடி வைச்சிட்டன்."

சபீஹா போனை வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் றஜிந்தன் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவான்.

"அந்தப் பெடியன் உண்மை சொல்லுறான் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான்.

"தன்ரை மானம் போற பொய்யை ஆர் சொல்லுவான்? வா, மார்க்கண்டுவின்ரை ஊருக்கு, வட்டுக்கோட்டைக்குப் போவம். தர்சினி, நீரும் உம்மடை ஸ்கூட்டியிலை பின்னாலை வாரும்."

*

வட்டுக்கோட்டைக்கு இப்பால் ஒரு சந்தியில் சோடா குடிக்க நிறுத்தினார்கள். மார்க்கண்டு என்றொருவரைத் தெரியுமா என்று றஜிந்தன் கேட்டான். கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். கூத்தாடுகிறவர் என்றதும் முகம் மலர்ந்தது.

"கட்டியமண்ணையோ! அப்பிடிக் கேளுங்கோவன். அந்தாளை ஆருக்குத் தெரியாது? உந்த ஒழுங்கையாலை போனால் வெங்காயத் தோட்டம் ஒண்டு வரும்."

"இல்லாத மனிசனுக்குத் தோட்டமும் இருக்கு," என்றான் றஜிந்தன், மோட்டார் சைக்கிளை உதைத்தபடி. "அக்கா, எனக்கும் இல்லாமல் போக விருப்பமா இருக்கு."

தோட்டத்தில் நீர்ப்பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தார். தர்சினி அப்போதுதான் ஒழுங்கை முகப்பில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். சபீஹா அவளை அங்கேயே நிற்கும்படி கையைக் காட்டிவிட்டு வரம்பில் இறங்கினாள்.

"அண்ணை, மார்க்கண்டு எண்டவர்?"

அந்த மனிதர் நிமிரவில்லை. "இல்லை," என்றார் மெல்லிய குரலில். தொண்டைக்குள் பூனைக்குட்டியை அமுக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது அந்தக் குரல். "அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"நல்லதாப் போச்சு," என்று சபீஹா றஜிந்தன் பக்கம் திரும்பினாள். "ஆளே இல்லையெண்டால் சண்டைக்கும் ஆரும் வரமாட்டினம். தர்சினிக்குச் சொல்லிவிடு, அவ யோசிச்சபடியே அந்தப் பக்கத்தைத் திருத்தட்டும்."

"என்னண்டு திருத்திறது?" றஜிந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கொண்டக்டர் மூளை. மிச்சக் காசு இல்லாவிட்டாலும் கை பைக்குள் போகும். "ஓ, அந்த மேடைக் கணக்கோ?"

"ஓம். ஒன்பது மேடையும் சந்தேகமாம். ஏழு எண்டு போடப்போறா."

"ஏழோ! பதினொண்டு!"

நீர்ப்பம்பின் சத்தம் அந்தக் குரலுக்குள் முங்கிப்போனது. பக்கத்துத் தோட்டத்துக் காகங்கள் கூட்டமாக எழும்பின. றஜிந்தன் இரண்டு காதையும் பொத்தினான். மைக் இல்லாத காலத்துக் கொட்டகையில் கடைசி வரிசைச் சனத்துக்கும் கேட்கும்படி பழக்கிய தொண்டை அது. கதிரவேலுவின் காது போனதில் ஆச்சரியமே இல்லை.

மண்வெட்டி கீழே விழுந்தது. மனிதர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"வணக்கம் மார்க்கண்டு அண்ணை," என்றாள் சபீஹா. "உண்மை விளம்பி எண்டும் சொல்லலாம்."

வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். மார்க்கண்டுவின் மனைவி குணலட்சுமி. "நாலு நாளா என்னோடை வாயைத் திறக்காமல் இருந்த மனிசன். ஆர் பிள்ளையள் நீங்கள், உவரைக் கத்த வைச்சது? இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ!"

*

விறாந்தைக் கதிரையில் ஆய்வேடு கிடந்தது. கல்யாணக் கார்ட் ஒன்றின் மட்டையால் உறை போட்டிருந்தது. நடுவில் ஒரு பக்கத்துக்கு அடையாளமாக வெங்காயச் சருகு. எத்தனையாம் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

றஜிந்தனுக்கு மண்டை வெடித்தது. "எப்பிடியக்கா?"

"ஒரு ஆய்வேட்டை நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் வாசிக்கிறவை நாட்டிலை எத்தினை பேர்? காசுக்கு வாசிக்கிற நடுவர். அவையை விட்டால், அந்தப் பக்கத்திலை தன்ரை பேர் இருக்கிற ஆள். மற்றது, கடிதத்தைப் பார். மனிசன் இல்லையெண்டு ஒண்டாவதிலை சொல்லியாச்சு. இல்லாத மனிசன் ஒன்பது ஆடினால் என்ன, பத்தொன்பது ஆடினால் என்ன? அந்தக் கணக்கிலை ஆருக்கு நோகும்? ஆடினவனுக்குத்தான் நோகும்."

தர்சினி விறாந்தைப் படியிலேயே நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரிந்திராது. "என்னிலை என்ன கோவம் ஐயா? இண்டைக்கு என்ரை சீவியமே போகப் பாத்தது."

மார்க்கண்டு நிலத்தைப் பார்த்தார்.

"நான் பதினொண்டு எண்டு சொன்னன். நீர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடிச்ச நோட்டீஸ் கேட்டீர்."

"ஓம். ஒன்பதுக்கு நோட்டீஸ் இருந்தது. மற்ற ரெண்டுக்கும் இல்லை. ஆதாரம் இல்லாததை வெட்டச் சொல்லி மேற்பார்வையாளர் சேர் சொன்னவர்."

"தொண்ணூற்றைஞ்சிலை நோட்டீஸ் ஆர் பிள்ளை அடிக்கிறது?" இப்போது அவர் குரல் உயரவில்லை. "சண்டைக்குப் பயந்து வலிகாமச் சனம் முழுக்க எழும்பிப் போய்த் தென்மராட்சியிலை கிடந்தது. கொடிகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவு. மழை. பிள்ளையள் அழுதழுது களைச்சுப்போச்சுதுகள். ஆரோ சொன்னான், மார்க்கண்டு, ஒரு ஆட்டம் போடு எண்டு. ராசா வேசம் போடுறவன் எங்கை எண்டு தெரியாது. ராணி வேசக்காரனும் இல்லை. உடுப்பு இல்லை, மத்தளம் இல்லை. நான் ஒருத்தன்தான். என்ன செய்யிறது? வராத ராசாவுக்குக் கட்டியம் சொன்னன். 'இந்தா வாறார், படலையடிக்கு வந்திட்டார், செருப்பைத் தேடுறார், இந்தா வாறார்' எண்டு ரெண்டு மணித்தியாலம். ராசா வரவேயில்லை. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. பத்து நாள் கழிச்சுத் திருப்பிக் கேட்டவை. திருப்பி ஆடினன்."

மார்க்கண்டு மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டார்.

"ஒன்பது மேடையிலை நான் ராசாவுக்கு முன்னாலை போனவன். அந்த ரெண்டிலையும் நான்தான் கூத்து. அது ரெண்டும் இல்லையெண்டால் நானும் இல்லைத்தானே? அதைத்தான் எழுதினன். பொய் எழுதேல்லை."

"உவற்றை உண்மையும் மண்ணும்!" என்று குணலட்சுமி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். "கேளுங்கோ பிள்ளையள். அண்டைக்கு எழும்பி ஓடேக்கை சைக்கிளிலை ஒரு சாமான்தான் கட்டலாம். என்ரை தையல் மிசினைக் கட்டுங்கோ எண்டு கெஞ்சினன். சீதனமா வந்த மிசின். இந்த மனிசன் அதை விட்டிட்டு சலங்கையைக் கட்டிக்கொண்டு வந்தவர்! திரும்பி வரேக்கை மிசினும் இல்லை, அது வைச்ச மேசையும் இல்லை. முப்பது வருசம். இண்டைக்கும் நினைச்சால் பத்தி எரியுது."

தர்சினி நிமிர்ந்தாள். "அந்தப் பள்ளிக்கூட வளவிலை சலங்கை கட்டினவரோ அம்மா?"

"கட்டாமல்? என்ரை மிசினை விட்ட கோவத்திலை ரெண்டு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தனான். எண்டாலும் சிரிப்பு வந்திட்டுது. ரெண்டு தரமும்."

"அக்கா," என்றான் றஜிந்தன் மெதுவாக, "நோட்டீஸ் கிழிஞ்சு போகும். உந்தக் கோவம் கிழியாது போலை."

சபீஹா சிரித்தாள். தொண்ணூறில் முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. "எங்கடை வாப்பா றேடியோவைக் கொண்டுபோக விடேல்லை எண்டு அதின்ரை திருகியை மட்டும் கழட்டிக்கொண்டு வந்தவர்," என்றாள். "அதுக்கும் நோட்டீஸ் இல்லை."

தர்சினிக்கு வெட்கமாக இருந்தது. இருபது நாள் இந்த விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறாள். அந்த இரண்டு மேடையில் என்ன ஆடினீர்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. நோட்டீஸ் இல்லை என்றவுடன் பேனையை மூடிவிட்டாள்.

"நேரம் ரெண்டு மணி," என்றாள் சபீஹா. "வெளிக்கிடுங்கோ அண்ணை."

"நான் வரேல்லை."

"ஏன்?"

"நான் வந்து மேடையிலை நிண்டால் ஒன்பது எண்டதுக்குச் சாட்சி சொன்ன மாதிரி. பதினொண்டு எண்டால் வாறன்."

தர்சினி கதிரவேலுவுக்குப் போன் எடுத்தாள். அவர் நல்ல காதை வைத்துக் கேட்டார், கேட்டுவிட்டுப் பதறினார். "பிள்ளை, ஆள் இருக்கிறார் எண்டால் அதோடை விடும். ஆய்விலை பிழை எண்டு நீரே வாயைத் திறந்தால் நடுவர் திரும்பக் கூட வேணும். விருது நிண்டாலும் நிக்கும். நான் உறுதி தர மாட்டன்."

போனை வைத்துவிட்டு அவள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"பதினொண்டு, ஐயா. வாங்கோ."

*

மண்டபம் நிறைந்திருந்தது. மார்க்கண்டு மெல்லிய குரலில் 'நான்தான்' என்று கதிரவேலுவிடம் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தார். விருது அறிவிக்க முன்னரே தர்சினி மேடையேறி மைக்கைப் பிடித்தாள். என் ஆய்வில் பிழை இருக்கிறது என்றாள். நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம், ஒன்பது அல்ல, பதினொன்று என்றாள். ஏன் ஒன்பது என்று போட்டாள் என்பதையும், யாருடைய கோபத்தால் அது திருந்தியது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். கதிரவேலு வேட்டித் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

நடுவர் மூவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பின்வரிசையில் றஜிந்தன் விரலை நெட்டி முறித்து முடித்து, பக்கத்தில் இருந்தவரின் விரலைப் பார்க்கத் தொடங்கினான். கடைசியில் தலைமை நடுவரான அம்மா எழுந்தார்.

"அந்தப் பக்கத்தை நாங்கள் மூண்டு பேரும் வாசிச்சனாங்கள். ஏன் ஒன்பது மட்டும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. பிழையிலை எங்களுக்கும் பங்கு. விருது தர்சினிக்குத்தான். நிபந்தனை ஒண்டு: அந்த ரெண்டு மேடைக்கும் புத்தகத்திலை தனி அத்தியாயம் வேணும்."

கைதட்டல் எழும்ப முன்னர் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் எழும்பியது. மைக் கேட்கவில்லை அந்தக் குரல்.

"பராக்! பராக்! விலத்தி நில்லுங்கோ சனமே! நோட்டீஸ் தேடி ஊரூராய் அலைஞ்சவ, நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம் தாண்டி வாறா! இந்தா வாறா, எங்கடை தர்சினி, இந்தா வாறா!"

இந்தத் தடவை ஆள் வந்தது. தர்சினி மேடையின் நடுவுக்கு நடந்து வந்து, கண்ணைத் துடைக்க ஒரு கை, விருதை வாங்க ஒரு கை என்று நின்றாள். கதிரவேலு இரண்டு காதையும் பொத்தியபடி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார்.

விழா முடிந்து வாசலில், தர்சினி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, இன்றைய கட்டியத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மேடை என்று எழுதினாள். மார்க்கண்டு எட்டிப் பார்த்தார். முகம் கோணியது.

"வெட்டும், வெட்டும்! உதைச் சேர்க்கப்படாது. சலங்கை கட்டேல்லை. ஆய்வெண்டால் சரியா இருக்கவேணும், பிள்ளை."

றஜிந்தன் தலையில் கைவைத்தான். சபீஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குணலட்சுமி தன் சந்தைப் பைக்குள் கையை விட்டு, வீட்டிலிருந்து ஒருவருக்கும் சொல்லாமல் கொண்டுவந்த சலங்கையை எடுத்துக் கணவனின் கையில் போட்டாள்.

"கட்டிப்போட்டுத் திரும்பக் கட்டியம் சொல்லுங்கோ," என்றாள். "நான் எண்ணுறன்."